துணி காயப்போட்டவள்

ஒரு போட்டோவால் கறார்க்காரிக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மகள் தன் போனில் காட்டிய போட்டோ அது. மகள் கட்டிக்கொள்ளப் போகும் லிப்ட் மெக்கானிக்கும் அவனுடைய அப்பாவும் தோள்மேல் கை போட்டுக்கொண்டு நின்றார்கள். பையன் லட்சணமாகத்தான் இருந்தான். ஆனால் கறார்க்காரியின் கண் அவன்மேல் நிற்கவில்லை. பின்னால் சுவரோரம் அடுக்கியிருந்த பச்சை அட்டைப் புத்தகங்கள்மேல் போய் ஒட்டிக்கொண்டது. அத்தனையும் ஒரே புத்தகம்.

"யார் எழுதினது அது?" என்று எதுவும் தெரியாதவள் மாதிரி கேட்டாள்.

"அவங்க அப்பாதான். வேற பேர்ல ஒண்ணு எழுதினாராம். அப்புறம் விட்டுட்டாராம்," என்றாள் மகள்.

ஏன் விட்டார் என்று மகளுக்குத் தெரியாது. கறார்க்காரிக்குத் தெரியும்.

புதிதாக வந்து சேர்ந்திருக்கும் வாசகர்களுக்கு இவளைப் பற்றி இரண்டு வார்த்தை. பகலில் ஆஸ்பத்திரி பதிவு கவுண்டரில் டோக்கன் போடுகிறவள். இணையத்தில் கறார்க்காரி என்ற பெயரில் புத்தக விமர்சனம் எழுதுகிறவள். இப்போது வீட்டிலும் அதுவே பெயராகிவிட்டது. எந்தக் கல்லூரியிலும் இலக்கியம் படித்தவள் இல்லை. அதுதான் அவளுடைய பலம். பேராசிரியர் சொன்னால் கொட்டாவி விடுகிற ஜனங்கள், நம்மைப்போல பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற ஒருத்தி சொல்கிறாளே என்று இவளை நம்பினார்கள். அவள் நன்றாக இருக்கிறது என்றால் மறுநாளே புத்தகக் கடைகளில் அந்தப் புத்தகம் முன்மேஜைக்கு வந்துவிடும். உதட்டைச் சுழித்தால் பின்கட்டுக்குப் போய்விடும். பெரிய பெரிய எழுத்தாளர்கள்கூட அவளுக்குக் காலை வணக்கம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அவளிடம் இன்னொரு வித்தை இருந்தது. எந்தப் புத்தகமானாலும் கடைக்கு வருமுன்பே படித்து எழுதிவிடுவாள். எப்படி என்று எல்லோரும் வியந்தார்கள். வியக்க ஒன்றுமில்லை. அவள் கணவர் ஓர் அச்சகத்தில் தலைமை பைண்டர். கட்டி முடித்த புத்தகத்தில் ஒரு பிரதியை எடுத்துக்கொள்ள அவருக்கு அனுமதி உண்டு. அவர் மாலையில் பசை ஈரம் காயாமல் கொண்டுவருவார், இவள் மறுநாள் காலை பஸ்ஸில் ஆரம்பிப்பாள். போக இருபத்தைந்து நிமிஷம், வர இருபத்தைந்து நிமிஷம். வாரம் ஒரு புத்தகம் முடிந்தாக வேண்டும்.

அந்தப் பச்சை அட்டைப் புத்தகத்தைப் பற்றி இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் எழுதியது இதுதான்: "பாதிக் கதையில் மனைவி செத்துப்போகிறாள். பத்துப் பதினைந்து பக்கம் தாண்டியதும் மாடியில் துணி காயப்போடுகிறாள். துவைத்தது யார் என்று தெரிந்துகொள்ளவே கடைசிவரை படித்தேன். ஆசிரியருக்கும் தெரியவில்லை. வாக்கியங்களை முடிக்கக்கூட அவருக்குப் பொறுமை இல்லை, பாதியில் விட்டுவிட்டு வேறு எங்கோ போய்விடுகிறார்."

படித்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். புத்தகத்தைக் கண்ணால் காணாதவர்களும் அந்த வரியைப் பகிர்ந்தார்கள். சினிமாவில் கதை இடித்தாலும் அரசியல்வாதி முன்னுக்குப்பின் முரணாகப் பேசினாலும் "துணி காயப்போடுகிறாள்" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒருநாள் வீட்டுக்கு அனுப்பிய நோயாளியின் பெயர் மறுபடி பட்டியலில் வந்தபோது, டியூட்டி டாக்டர் அதையே சொல்லிச் சிரித்தார். அது இவள் பெற்ற பிள்ளை என்று அவருக்குத் தெரியாது. அன்று கறார்க்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை.

இந்த ஞாயிறு சம்பந்தி வீட்டுக்குப் போகும்போது அந்தப் பெருமையெல்லாம் முள்ளாகக் குத்தியது. ஆனாலும் அவள் விட்டுக்கொடுக்கிற ரகம் இல்லை. சொன்ன விதம்தான் கொஞ்சம் காரம், சொன்ன விஷயம் சரிதானே என்று பஸ்ஸில் மனசுக்குள் பத்துத் தரம் சொல்லிக்கொண்டாள். நல்லதாக ஏதாவது ஒன்றைத் தேடிப்பிடித்து அவரிடம் பாராட்டிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று நினைத்தாள்.

பைண்டருக்குக் காலையிலிருந்து வயிறு சரியில்லை. நான் வரலை, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க என்று மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். பெண்ணைக் கொடுக்கிற இடத்துக்கு அப்பன் வராமல் இருந்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று அவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

லிப்ட் மெக்கானிக் குடியிருக்கும் கட்டடத்தில் லிப்ட் ஓடவில்லை. மூன்று மாடியும் மூச்சு வாங்க ஏறினார்கள். மாப்பிள்ளை வெட்கத்தோடு வாசலில் நின்று, சாமான் வரணும் அத்தை என்று காரணம் சொன்னான்.

அவனுடைய அப்பா முப்பத்தொரு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். உட்காரும்போதுகூட முதுகை நிமிர்த்தி இரண்டு கையையும் முன்னால் வைத்துக்கொள்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. அவரே டீ போட்டுக் கொண்டுவந்தார், பிஸ்கட் தட்டை நகர்த்தி நகர்த்தி வைத்தார். வீட்டில் பெண் துணை இல்லாமல் ஏழு வருஷம் ஆயிற்று, குறை இருந்தால் மன்னிக்கணும் சம்பந்தி என்றார். பேச்சு பையனின் வேலை, பைண்டரின் அச்சக வேலை, மகளின் பிசியோதெரபி கிளினிக், மகள் யாரையும் முழங்காலைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டுபிடிக்கிறாள் என்ற கேலி என்று நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கறார்க்காரிதான் பொறுமை இல்லாமல் ஆரம்பித்தாள். நீங்க எழுதுவீங்களாமே என்றாள்.

ஓட்டுநர் வெட்கப்பட்டார். "அது ஒரு கிறுக்குத்தனம் சம்பந்தி. அவ போனப்புறம் வீட்ல பேச ஆள் இல்ல. எழுதினேன். எழுதத் தெரியாம எழுதிட்டேன்."

"யார் சொன்னது எழுதத் தெரியலைன்னு?" என்றாள். கேட்டிருக்கவே கூடாது.

அவர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார். டிரிப் ஷீட் மாதிரி கோடு போட்ட நோட்டு. "நெட்ல ஒரு அம்மா எழுதறாங்க. கறார்க்காரின்னு பேரு. அவங்கதான் எனக்குக் கண்ணைத் திறந்தாங்க. அதுலேர்ந்து வாராவாரம் அவங்க எழுதறதை இதுல எழுதி வெச்சிக்கறேன். எது சரி, எது தப்புன்னு பாடம் மாதிரி."

மகளின் கையிலிருந்த டீ கிண்ணம் தட்டில் டக்கென்று உட்கார்ந்தது. அம்மாவைப் பார்த்தாள். ஒரே ஒரு தரம்தான் பார்த்தாள். அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

கறார்க்காரி நோட்டைப் புரட்டினாள். அவளுடைய வார்த்தைகள், அவர் கையெழுத்தில், வரி விலகாமல். அடிக்கோடு போட்ட இடங்களெல்லாம் அவள் யாரையாவது குத்திய இடங்கள். அவமானத்தில் அவள் காது மடல் சூடாகியது.

ஓட்டுநர் நிறுத்தவில்லை. பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. அந்தம்மா சொன்னது போல புத்தகத்தைத் திருத்திவிட்டேன் என்றார். செத்தவள் எழுந்து வருவதாக நாலு பேருக்குத் தோன்றினால் அது எழுதியவன் தப்புத்தானே என்றார். அவள் போன பிறகு அவளை நினைத்துப் பார்க்கிற மாதிரி இரண்டு வரி வைத்திருந்தாராம், அதுதான் ஜனங்களைக் குழப்பிவிட்டது என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார். எதற்கு வம்பு என்று, துணி காயப்போடுகிற இடத்தையே முழுசாக எடுத்துவிட்டாராம். இரண்டு வருஷம் அந்த வேலைதான். திருத்திய தாள்கள் ஒரு பையில் தயாராக இருந்தன. நாளைக் காலை வேறொரு அச்சகத்தில் கொடுக்க வேண்டும்.

"எடுக்கறதுக்குத்தான் மனசு வரல. அந்த ஒரு இடத்துக்காகத்தான் புக்கே எழுதினேன். சரி, படிக்கத் தெரிஞ்சவங்க சொல்றாங்க, நமக்கு என்ன தெரியும்."

நான் ஒரு தடவை பார்க்கட்டுமா என்று கேட்டு, சுவரோர அடுக்கிலிருந்து ஒரு பச்சை அட்டையைக் கறார்க்காரி கையில் எடுத்தாள். இப்போதும் அவள் தேடியது பாராட்டுவதற்கு ஒரு வரி மட்டும்தான்.

அத்தியாய எண் எதுவும் இல்லாத புத்தகம். மனைவி இறக்கிற இடம் நூற்று நான்காம் பக்கத்தில் இருந்தது. அங்கிருந்து துணி காயப்போடுகிற இடத்துக்காக முன்னால் தள்ளினாள். நூற்றுப் பத்து. நூற்று இருபது. காணோம். கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்தாள். காணோம். பிறகு பின்னோக்கித் திருப்பினாள். எண்பத்தாறாம் பக்கத்தில் அந்தப் பெண் உயிரோடு மாடியில் நின்றுகொண்டிருந்தாள்.

அவளுக்கு உடம்பு முடியாமல் போக ஆரம்பித்த சமயம். ஈரப் போர்வையைக் கொடியில் போடக் கை எழவில்லை. மறுமுனையைக் கொஞ்சம் பிடியுங்கள் என்கிறாள். கணவன் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, சாயங்காலம் வந்து போடுகிறேன் என்று படி இறங்குகிறான். கீழே தெருவில் நின்று நிமிர்ந்து பார்க்கிறான். அவள் பல்லால் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு தனியாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவன் பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். பதினெட்டுப் பக்கம் கழித்து அவள் இறக்கிறாள்.

எண்பது, எண்பத்தொன்று, எண்பத்திரண்டு என்று கறார்க்காரி பக்க எண்களைப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பார்த்திருக்க வேண்டிய எண்கள். வாக்கியங்கள் எதுவும் பாதியில் நிற்கவில்லை. எல்லாம் முடிகிற இடத்தில் முடிந்தன.

நிமிர்ந்து பார்த்தபோது கணவரின் நாற்காலி காலியாக இருந்தது. போன் வந்தது என்று சொல்லி வெளியே போயிருந்தார். புத்தகத்தோடு அவளும் எழுந்து போனாள்.

பைண்டர் தாழ்வாரத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். போன் அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. அவள் கையில் இருந்த பச்சை அட்டையைப் பார்த்ததும் அவர் எதையும் மறைக்கவில்லை.

"நீ எழுதின மறு வாரம் நம்ம வீட்டுப் பிரதியை எடுத்துப் பாத்தேன்," என்றார். "ஆறாம் பாரமும் ஏழாம் பாரமும் இடம் மாறியிருந்துச்சு."

பதினாறு பக்கம் கொண்ட ஒரு மடிப்பைப் பாரம் என்பார்கள். அந்த மடிப்புகளை வரிசையாக அடுக்கித் தைப்பதுதான் அவருடைய தொழில். முப்பது வருஷமாக அதைச் செய்கிறவர்.

"ரெண்டு வருஷமா தெரியுமா உங்களுக்கு?"

"சொல்லணும்னுதான் வந்தேன். நீ போனைக் காட்டினே, எத்தனை பேர் சிரிச்சிருக்காங்க பாருங்கன்னு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீ அப்படிச் சந்தோஷமா இருந்து நான் பாத்ததில்ல. அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டேன். அப்புறம் சொல்ல முடியல."

அவளுக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. அவர்மேல் கோபப்பட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியதுதான். அடுக்கியவர் தப்பாக அடுக்கினார், சரி. எண்பதுக்கு அடுத்து தொண்ணூற்றேழு வந்ததைப் பார்க்காமல் ஒருவரைச் சந்தி சிரிக்க வைத்தது யார்? பஸ்ஸில் இடம் கிடைக்காத எரிச்சலில், கண்டக்டரின் விசிலுக்கு நடுவே, அடுத்த வாரத்துக்குச் சூடாக என்ன எழுதலாம் என்று தேடிக்கொண்டே படித்த புத்தகம் அது. ஒரு மனுஷன் பெண்டாட்டி செத்த துக்கத்தை எழுதியிருக்கிறார். அவள் அதை வைத்துத் தமாஷ் பண்ணிக் கைதட்டு வாங்கியிருக்கிறாள். வெட்கத்தில் அவளுக்கு உடம்பு கூசியது.

இப்படியே இறங்கிப் போய்விடலாம் என்றார் பைண்டர். பெண்ணோட கல்யாணம் முடியட்டும், பிறகு ஒரு நாள் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. ஆனால் நாளைக் காலை அந்தப் பை அச்சகத்துக்குப் போய்விடும். போர்வையும் கொடியும் அந்தப் பெண்ணின் பல்லும் இல்லாத புத்தகம்தான் அதற்குப் பிறகு உலகத்தில் இருக்கும். அதுவும் கறார்க்காரி சொன்னாள் என்பதற்காக.

அவள் உள்ளே போனாள். ஓட்டுநர் அவளுக்காக இரண்டாம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அதை வாங்காமல் அவர் எதிரில் நின்றாள்.

"அந்த இடத்தை எடுக்காதீங்க சம்பந்தி. அந்தக் கறார்க்காரி நான்தான்."

மாப்பிள்ளை முதலில் சிரித்தான். யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கணவரின் அச்சகத்திலிருந்து வீட்டுக்கு வந்த பிரதியில் பக்கங்கள் இடம் மாறியிருந்ததை, அதைக் கவனிக்காமல் எழுதியதை, கைதட்டு விழுந்ததும் அந்த வரியை வெட்கமில்லாமல் மறுபடி மறுபடி போட்டதை. உங்க தப்பு அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை என்றாள். மன்னிப்பு கேட்கிற தகுதிகூட எனக்கு இல்லை என்றாள். சொல்லச் சொல்லக் குரல் தேய்ந்தது. பைண்டர் வாசலிலேயே நின்றார், உள்ளே கால் வைக்கவில்லை.

ஓட்டுநர் டீயைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் நோட்டின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீங்க நல்லா எழுதுவீங்க சம்பந்தி," என்றார்.

அறைந்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். மாப்பிள்ளைதான் முகம் சிவந்து எழுந்தான். அப்பா ரெண்டு வருஷமா வாசலைத் தாண்டல, பழைய டிரைவருங்க கூப்பிட்டாக்கூடப் போகல, தெரியுமா உங்களுக்கு என்று ஆரம்பித்தான். ஓட்டுநர் கையை உயர்த்தி அவனை உட்கார வைத்தார். அவர் புருவம் சுருங்கியிருந்தது. வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு டீச்சர் எனக்குப் போன் பண்ணினாங்க," என்றார் மெதுவாக. "செத்தவங்க எப்படி வர்றாங்கன்னு அவங்களும் கேட்டாங்க. அவங்க நெட்டெல்லாம் பாக்கறவங்க இல்ல, நீங்க எழுதினதே அவங்களுக்குத் தெரியாது. அவங்க கடையில வாங்கின புக்கு."

அவர் வாசலைப் பார்த்துத் திரும்பினார்.

"சம்பந்தி, நீங்க பைண்டிங்ல இருக்கேன்னு சொன்னீங்களே. எத்தனை புக்கு இப்படி ஆச்சு?"

கறார்க்காரி கணவரைப் பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணுதான்னு சொல்லுங்க," என்றாள்.

கடைக்காரர்கள் திருப்பி அனுப்பியது ஏதாவது இங்கே இருக்கிறதா என்று மட்டும் பைண்டர் கேட்டார். கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, பிரித்துப் பார்க்க மனசு வரவில்லை, வந்த கட்டு வந்தபடியே கிடக்கிறது என்றார் ஓட்டுநர். பைண்டர் முழங்காலிட்டு ஒரு கட்டை இழுத்து, சணல் கயிற்றை அறுத்து, மேலே இருந்த பிரதியைப் பிரித்தார். எண்பது, அடுத்தது தொண்ணூற்றேழு. அதை வைத்துவிட்டு அதற்கடுத்ததைப் பிரித்தார். எண்பது, தொண்ணூற்றேழு. மூன்றாவதும் அப்படியேதான்.

"காலையில கட்டினது மட்டும்தான் சரி. அதுதான் உங்க வீட்டுக்கு வந்துச்சு," என்றார், தரையைப் பார்த்தபடியே. "மத்தியானம் மேஜையில ரெண்டு அடுக்கு மாறிடுச்சு. நான் மேற்பார்வை பண்ணணும், பண்ணல. கடைக்குப் போனது, லைப்ரரிக்குப் போனது, எல்லாமே இதுதான். வேலை போயிடும்னு வாயைத் திறக்கல."

தாழ்வாரத்தில் அவர் சொன்னது பாதிதான் என்று இப்போதுதான் கறார்க்காரிக்கு உறைத்தது.

ஓட்டுநர் பிரிந்து கிடந்த பிரதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். விளிம்புகளை ஒழுங்காகத் தட்டிச் சேர்த்தார்.

"அப்ப என் புக்கை இன்னும் யாருமே படிக்கல," என்றார்.

மகள் எழுந்துபோய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அம்மா கையிலிருந்த பச்சைப் புத்தகத்தைக் கை நீட்டிக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் கிளம்புங்க," என்றாள், அவர்களைப் பார்க்காமல். "நான் இதைப் படிச்சிட்டு வரேன். வரதா வேண்டாமான்னு படிச்சப்புறம் சொல்றேன்."